சனிக்கிழமை மெக்கானிக்

ஆபீஸில் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சனிக்கிழமை மெக்கானிக்'. திங்கள் முதல் வெள்ளி வரை ஃபைலுக்கு அடியில். சனிக்கிழமை காருக்கு அடியில்!

கார் என்றால் அப்பாவின் 1984 மாடல் அம்பாஸடர். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் ராடு நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஜாதி. ''வயசாச்சுப்பா, இனிமே ஓட்ட வேணாம்'' என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் நான்தான் சாவியை வாங்கி ஆணியில் மாட்டினேன். அன்றிலிருந்து கார் ஓடவில்லை. கார் விஷயமாக அப்பா பேசவும் இல்லை.

உத்தரபாராவில் 2014-லேயே அம்பாஸடர் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று எனக்குத் திடீர் ஞானோதயம். பாட்டரி, டயர், கார்புரேட்டர் என்று நாலு மாசம் பிராவிடண்ட் ஃபண்டைப் பதம் பார்த்து, ஒரு வழியாக எஞ்சினை உறும வைத்தேன். தெருவே கை தட்டியது. கம்பீரமாகக் கிளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போட்டேன்.

'கர்ர்ர்ர்!'

விழவில்லை. ரிவர்ஸ் போட்டேன். அதைவிடப் பெரிய 'கர்ர்ர்ர்!' கை தட்டிய தெரு காதைப் பொத்திக்கொண்டு கலைந்தது.

ஆபீஸில் ஆளுக்கொரு வைத்தியம். ''பல்லு போயிருக்கும் சார்'' என்றார் டெஸ்பாட்ச் கிளார்க், ஏதோ என் பல்லைப் பார்த்த மாதிரி. ''கியர் ஆயில் மாத்துங்க'' என்றார் காஷியர். மெக்கானிக் ஒருத்தர் வந்து பார்த்து, ''பாக்ஸை இறக்கணும்'' என்றார். அவர் சொன்ன தொகைக்கு என் ஒரு மாசச் சம்பளமும் சேர்ந்து இறங்கும். வேறு வழி? அட்வான்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திண்ணையிலிருந்து ஒரு குரல்.

''எஞ்சினை நிறுத்திட்டுப் போட்டுப் பாத்தியாடா?''

''எதைப்பா?''

''கியரை.''

பார்க்கவில்லை. எஞ்சினை நிறுத்திப் போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... வெண்ணெயில் கத்தி!

''அப்ப பாக்ஸ் மேல பழி போடாதே. நிறுத்தியும் விழலேன்னா ராடு, புஷ், பாக்ஸ்னு பாக்கணும். ஓடும்போது மட்டும் கர்ருன்னா கிளட்ச் விடலைன்னு அர்த்தம். மிதிச்சா எஞ்சினும் பாக்ஸும் பேச்சை நிறுத்தணும். இங்கே நிறுத்தலை. கீழே போய்ப் பாரு, நான் மிதிக்கிறேன்.''

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, அடியில் படுத்தேன். மேலே, ஆறு வருஷம் கழித்து, அப்பா டிரைவர் சீட்டில். அவர் மிதிக்க, ஸ்லேவ் சிலிண்டரிலிருந்து வரும் கம்பி கிளட்ச் லீவரை நன்றாகத் தள்ள வேண்டும். அது நூல் அளவு அசைந்து நின்றது. ரப்பர் உறையைப் பிதுக்கினால் பிரேக் ஆயில் கசிகிறது.

''கம்பி முழுசாப் போயும் கியர் விழலேன்னா பிளேட்டு ஃபிளைவீல்ல துருப்பிடிச்சு ஒட்டியிருக்குன்னு சொல்லியிருப்பேன். இது கப்பு போச்சு, காத்துப் பூந்திருக்கு. அவ்வளவுதான்.''

ஜி.பி. ரோட்டில் ரப்பர் கிட் வாங்கி வந்தேன். பாக்ஸை இறக்கும் கூலியோடு பார்த்தால், வெற்றிலை பாக்குச் செலவு! மாற்றிவிட்டுக் காற்று எடுக்க ஆரம்பித்தோம். நிப்பிளில் டியூப், டியூபின் மறுமுனை பாட்டிலில்.

''மிதிங்கப்பா!''

''மிதிச்சாச்சு!''

நிப்பிளைத் திறப்பேன், குமிழி வரும். மூடுவேன். ''விடுங்கப்பா!'' டப்பாவில் ஆயில் குறையக் குறைய ஊற்றி, குமிழி நிற்கும் வரை இதே பாட்டு. ஆறு வருஷத்தில் நாங்கள் இருவரும் இவ்வளவு பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

வெளியே வந்து ஸ்டாண்டை எடுத்தேன். அப்பா ஸ்டார்ட் பண்ணி, கிளட்ச்சை மிதித்து, கண்ணாடியைப் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டு, இரண்டு விரலால் கியரைத் தள்ளினார். சத்தமே இல்லை. வண்டி மெல்ல நகர்ந்து கேட் வரைக்கும் போய், மறுபடி போர்ட்டிகோவுக்கு வந்து நின்றது.

''ஏம்ப்பா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே? நாலு மாசமா உருண்டுட்டிருக்கேனே!''

''நீ கேக்கலையே'' என்றபடி இறங்கினார்.

ராத்திரி பார்த்தேன். ஆணியில் சாவி இல்லை. கேட்கவில்லை. எங்கே இருக்கும் என்று தெரியும்... அப்பாவின் சட்டைப் பை கொஞ்சம் கனமாகத் தொங்கியது.