வாசற்படியில் செருப்புத் தைக்கும் தாய்மாருக்காக ஒரு விண்ணப்பம்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



காட்பாடி ரயிலடியிலிருந்து புறப்படும் டவுன் பஸ்கள் வேலூரைக் கடந்து வந்து நிற்கும் பாகாயத்தில் வாசம் செய்பவன் என்ற உரிமையோடு இம்மடலை எழுதத் துணிகிறேன். பாகாயம் என்றதும் வெளியூராருக்குக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நினைவு வருவது இயல்பே. எங்களுக்கோ அக்கல்லூரியின் ‘சாட்’ ஆஸ்பத்திரியின் நினைவுதான் முதலில் வரும். அந்தச் சமுதாய மருத்துவமனையிலிருந்து கிளம்பும் வண்டி கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களுக்குச் சென்று, கர்ப்பிணிகளை அவரவர் ஊரிலேயே பரிசோதித்துத் திரும்பும் வழக்கம் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார் என்பதை அவ்வூர்ப் பெண் ஒருவரே அறிந்து சொல்ல, செவிலியர் அதைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள, அப்பதிவேட்டோடு டாக்டர் ஊருக்கு வந்து பார்க்கும் இம்முறையில் ஆடம்பரம் எதுவுமில்லை. ஆனால் விடுபட்டுப் போகும் பெண்களும் அநேகமாக இல்லை.

இம்முறையின் மூலம் மிகப் பழையது. 1890-களில் திண்டிவனத்தில் தம் தந்தையாரான டாக்டர் ஜான் ஸ்கடரோடு தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று ஆடவர்கள் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வேண்டுமென மன்றாடினார்கள் என்பதும், ஆண் வைத்தியரை அழைத்துச் செல்ல அவர்கள் இசையாமையால், வைத்தியம் பயிலாத அப்பெண் செய்வதறியாது நிற்க, அந்த மூன்று தாய்மாரும் மாண்டார்கள் என்பதும் இப்பிரதேசத்தில் சிறுவரும் அறிந்த வரலாறு. அவர் அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கியதும், 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி கண்டு இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வித்திட்டதும் புகழ்பெற்ற செய்திகள். எனினும், வண்டியில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சாலையோரத்து மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்த அவருடைய பணியையே எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிக்கிறேன். வாசலை எட்ட முடியாத பெண்ணுக்கு எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியும் இல்லாததற்குச் சமம் என்பதை அந்தத் திண்டிவனத்து இரவே அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

தங்கள் துறையின் சாதனையை நான் அறியாதவனல்லன். உலகில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பத்தினாலும் பிரசவத்தினாலும் உயிரிழந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் மிகப் பலர் ரத்தப் போக்கும் ரத்த அழுத்தமும் உரிய வேளையில் கவனிக்கப்பட்டிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள். 2018–20 காலத்துக் கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறக்க, தமிழ்நாட்டில் அத்தொகை 54-ஆக இருந்தது. இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் காரணம் கேட்டு விசாரிக்கும் ஒழுங்கும் இல்லாமல் இது சித்தித்திராது. இந்த நல்ல அமைப்பின் கைக்கு எட்டாமல் நிற்கும் ஒரு கூட்டத்தாரைப் பற்றியதே என் விண்ணப்பம்.

தோல் செருப்புத் தொழில் நடக்கும் ஆம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில் பிற்பகலில் நடந்து சென்றால் அவர்களைக் காணலாம். துளையிட்டு வந்த தோலை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, ஊசியைக் கோத்து, இரு கைகளையும் அகல விரித்து நூலை இழுத்து இறுக்குகிறார்கள். நூல் சதையை அறுக்காதிருக்க விரல்களில் துணி சுற்றியிருக்கும். ஏஜெண்டு மூட்டையாகக் கொண்டுவந்து போடும், செருப்பின் மேற்பாகமான ‘அப்பர்’களைத் தைத்துக் கொடுத்தால் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஏழாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் அதே குனிவு, அதே இழுப்பு. அந்த மேற்பாகத்துக்கு அடித்தோல் ஒட்டும் பெண் கம்பெனிக்குள் இருக்கிறாள், இ.எஸ்.ஐ. அட்டை உடைய அவளுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இருபத்தாறு வாரம் ஊதியத்தோடு ஓய்வு உண்டு. வாசற்படியில் இருந்து தைத்தவளுக்கு ஒரு நாள் ஓய்வும் இல்லை. செய்வது ஒரே செருப்பு. விற்பது ஒரே விலைக்கு. தாய்மை மட்டும் இரண்டு தரமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ரூ.18,000 இவர்களுக்கும் உண்டே என்று தாங்கள் கேட்கலாம். உண்டு; பலருக்கு அது பெரும் துணை என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் இழந்த கூலி முழுவதையும் அது ஈடுசெய்யுமென்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவ்வாய்க்கிழமை காலையில் சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் அமர்ந்தால், அன்றைய மூட்டை தைக்கப்படாமல் கிடக்கும். கிடந்தால் அடுத்த மூட்டை வேறு தெருவுக்குப் போய்விடும். கர்ப்பிணியே இப்படிக் கணக்குப் பார்க்கிறாளென்றால், வெள்ளைப்படுதலுக்கும் அடியிறக்கத்துக்கும் மாதந்தோறும் மிகையாகும் உதிரப்போக்குக்கும் வைத்தியம் பார்க்க எவள் போவாள்? நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தச்சோகை என்று 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு கூறுகிறது. அந்தச் சோகையின் வேர்களுள் ஒன்று, சொல்லாமல் மறைக்கும் இந்த மிகை உதிரப்போக்கில் இருக்கிறது.

கூலிக்கும் உடம்புக்கும் போட்டி வந்தால் உடம்பே தோற்கும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் சாட்சி. கரும்பு வெட்டப் போகும் அம்மாவட்டத்துப் பெண்களில் ஆயிரக்கணக்கானோர் இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட கொடுமை 2019-இல் தேசத்தையே திடுக்கிட வைத்தது. ஒரு நாள் வேலை நின்றால் அபராதம் என்ற ஏற்பாடும் அதன் காரணங்களுள் ஒன்று. நம் தோல் பிரதேசம் அந்நிலையை எய்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அண்டையிலுள்ள இலங்கை 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, மருத்துவிச்சியை ஒவ்வொரு கர்ப்பிணியின் வீட்டுக்கும் அனுப்பும் ஒழுங்கை நாடெங்கும் பரப்பி, செல்வம் மிகாத நிலையிலேயே தாய்மாரைக் காத்தது. தங்கள் துறையும் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் வழியே ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்த நடை இந்தத் தெருக்களின் பெண் நோய்களுக்கும் நீளக் கூடாதா?

ஆகவே நான் வேண்டுவது இதுதான். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது, வீட்டிலிருந்து ஜோடிக் கூலிக்குத் தைக்கிறாரா என்பதையும் கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டுக் குறிக்கட்டும். ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதிவிட்டுப் போவதால்தான் இவர்கள் எந்தக் கணக்கிலும் வராமல் போகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் மாதம் ஒருமுறையேனும் மாலை வேளையில், பெண் டாக்டரோடு, தெருவுக்கே வைத்திய வண்டி வரட்டும். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வீட்டிலிருந்து உழைப்பவரைத் தொழிலாளி என்று ஏற்று வரையறுத்திருக்கிறது; அதைப் பற்றுக்கோடாகக் கொண்டு, தொழிலாளர் நலத் துறை அமைச்சரோடு கலந்து, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் இவர்கள் ஊசியைக் கீழே வைத்திருக்கும் வாரங்களுக்குக் கூலி கிடைக்க வழி செய்யுங்கள். அச்செலவில் ஒரு பங்கை, இவர்கள் தைத்த செருப்பை ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளிடம் கேட்பதும் நியாயமே.

வரும் வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்பாக ஒருநாள் மாலையில் தாங்களே அந்தத் தெருக்களுக்கு வந்து, அந்தப் பெண்களிடம் நேரில் கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பாகாயம்வாசி ஒருவர்