பெற்றவள் கையிலும் ஒரு நகல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தத்தெடுக்கக் காத்திருக்கும் தம்பதியர் பற்றிய தங்கள் கட்டுரை நன்று. ஆனால், பிள்ளையைப் பெற்றுக் கொடுத்தவளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தருகிறது.

தக்கலைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். கல்யாணத்துக்கு முன்பு பெற்ற பிள்ளையை ஓர் இல்லத்தில் ஒப்படைத்த பெண் ஒருத்தி, பல வருடம் கழித்து என்னிடம் வந்தாள். பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்தால் போதும் என்றாள். அவள் கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை. பழைய பதிவேடு இல்லை என்று இல்லத்திலும் கைவிரித்துவிட்டார்கள்.

குழந்தைகள் நலக் குழு முன்பு ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறினால், திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் தருகிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பிள்ளை வளர்ந்தபின் தன் வேரைத் தேடவும் விதிகளில் இடமுண்டு. தாயின் கேள்விக்கு யார் பதில் சொல்வார்?

ஆவணம் சீராக இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதைச் சென்னையில் பார்த்தோம். திருடிய குழந்தைகளை, தாயே கொடுத்ததாகப் பொய்ப் பத்திரம் எழுதி வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்தது 2005இல் அம்பலமானது.

2022 செப்டம்பர் முதல் தத்து ஆணை பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர்தான். ஒப்படைப்புப் பத்திரத்தின் நகல் தாய் கையில் கிடைக்கவும், பழைய இல்லங்களின் பதிவேடுகளை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வாங்கிப் பாதுகாக்கவும், முகவரி சொல்லாமல் 'பிள்ளை நலம்' என்றாவது தெரிவிக்கவும் நம் ஆட்சியர் வழிசெய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.