கொல்லைக் கதவும் காவலும்

பகைவனை வெறுப்பது எளிது. அறிந்து வைத்திருப்பதுதான் கடினம். வெறுக்கக் கோபம் போதும். அறியவோ பணிவு வேண்டும். "சிறு பாம்பானாலும் பெருந்தடி கொண்டு அடி" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அதற்கு உரை வேண்டுவோர் ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் வரை போய் வந்தால் போதும்.

1998-ல் மோட்டரோலாவை முந்திக் கைப்பேசித் தொழிலில் உலகத்தின் முதலிடத்தைப் பிடித்தது பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனி. 2006-ல் அது ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆலையைத் திறந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் அங்கே வேலைக்குச் சென்றார்கள். மாதம் பிறந்தால் மகளின் சம்பளத்தை எதிர்பார்க்கும் குடும்பங்கள் பல உண்டாயின.

மறு வருஷமே அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி ஐபோனை வெளியிட்டது. 2008-ல் கூகிளின் ஆண்ட்ராய்டு கைப்பேசி வந்தது. இருவரும் இத்தொழிலுக்குப் புதியவர்கள். நம் நாட்டிலோ சிறு கம்பெனிகள் இரண்டு சிம் கார்டு போடும் கைப்பேசிகளை மலிவாக விற்றன. நோக்கியா அத்தகைய கைப்பேசியை அறிவித்தது 2010-ல்தான். 2012-ல் முதலிடம் சாம்சங்குக்குப் போயிற்று. அந்தச் சாம்சங் அதே ஸ்ரீபெரும்புதூரில் தொலைக்காட்சிப் பெட்டி செய்துகொண்டிருந்தது!

2014-ல் நோக்கியாவின் கைப்பேசி வியாபாரம் மைக்ரோஸாப்டின் கைக்கு மாறியது. வரி வழக்கின் காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அவ்வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி அங்கே யந்திரங்கள் நின்றன. "வழக்குதானே காரணம்?" என்று கேட்கலாம். அது பாதி உண்மை. ஆலையைக் கட்டிப்போட்டது வழக்கு. வியாபாரத்தையே விற்கும் நிலைக்குக் கம்பெனியைக் கொண்டுவந்தது போட்டி.

2019-ல் அந்த ஆலையை வாங்க முன்வந்த கம்பெனி எது தெரியுமா? ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்து தரும் சால்காம்ப்!

தன்னைப் போன்ற பகைவனை எவனும் கண்காணிப்பான். தன்னைப் போல் இல்லாதவனிடத்தில்தான் அபாயம் இருக்கிறது. வாசலில் மட்டும் நிற்கும் காவற்காரன் கொல்லைக் கதவை மறந்துவிடுகிறான்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. காவல் தவறியவர்கள் பின்லாந்தில் இருந்தார்கள். வேலை இழந்தவர்களோ ஸ்ரீபெரும்புதூரில். ஆகையால் ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் தங்கள் கம்பெனியின் பெருமையை மட்டும் அறிந்தால் போதாது. அதன் போட்டியாளர் யார், அவர் என்ன செய்கிறார் என்பதையும் விசாரித்து வைக்கட்டும்; கூடவே வேறொரு கைத்தொழிலையும் கற்று வைக்கட்டும். முதலாளி கண்ணயர்ந்தாலும் தொழிலாளி விழித்திருப்பது நல்லது.