இரண்டு புட்டிகள்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வரும் சீமான்களின் வண்டிக்குள்ளே எட்டிப் பாருங்கள், தோழர்களே! முன்னே ஒரு புட்டி, பின்னே நான்கு புட்டி; அத்தனையும் காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். மலையை ரசிக்க வருகிறார்கள், மலையின் தண்ணீரை நம்ப மறுக்கிறார்கள். குறை கூறவில்லை நாம். காசு இருக்கிறது, நம்பாமல் இருக்க அவர்களால் முடிகிறது.

கரடியூர்ப் பக்கம் போனால்? காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகளும், மலையாளிப் பழங்குடியின் மகனும் (பெயரைக் கேட்டுக் கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம், தமிழ் பேசும் மலைமக்கள் அவர்கள்) ஊற்றோ, கிணறோ, குழாயோ, கிடைத்ததைத்தான் குடித்தாக வேண்டும். "சுனைத் தண்ணீர், கண்ணாடி போலிருக்கிறது, இதற்கென்ன கேடு?" என்பார் பாட்டி. கண்ணாடிபோல் இருப்பது கண்ணுக்கு, வயிற்றுக்கு?

அதைச் சொல்ல இன்னொரு புட்டி இருக்கிறது. குவாலியரிலே மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று விஞ்ஞானிகள் கண்டு, 1982இல் உலகுக்கு அறிவித்த முறை. மருந்து தோய்ந்த காகிதத் துண்டு உள்ளே கிடக்கும். குறியிட்ட அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மூடி, ஓரிரு நாள் வைத்தால் போதும். மலம் கலந்த தண்ணீரானால், அதிலுள்ள கிருமிகள் விடும் வாயுவால் புட்டி கறுத்துப்போகும். பெரிய கூடம் வேண்டாம், பட்டம் பெற்றவர் வேண்டாம். ஏழாம் வகுப்புச் சிறுமி செய்யலாம். மலையிலே குளிர் அதிகம். கதகதப்பான இடத்திலே வைக்காவிட்டால் கறுக்க நாள் பிடிக்கும், அவ்வளவுதான். சோதித்த புட்டியைத் திறக்காமல் ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதுவும் பாடந்தானே!

புட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தோட்டத்திலே அடிக்கும் பூச்சிமருந்து ஓடையிலே கலந்தால் இது காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடந்தான் போக வேண்டும். ஆனால், பாட்டி நம்பாத பாடப் புத்தகத்தை விட, பேத்தி கொண்டுவந்து காட்டும் கறுத்த புட்டி உரக்கப் பேசும். அன்று மாலையே அடுப்பிலே தண்ணீர் கொதிக்கும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதே, கிருமி சாகுமா என்று சிறுவன் கேட்பான். ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் சாகும் என்று ஆசிரியர் சொல்லலாம். கேள்வி பிறந்துவிட்டதல்லவா, அதுதான் நமக்குப் பெரிது.

"பாடத்தை முடிக்கவே நேரமில்லை, விளையாட்டு எதற்கு?" என்று முகஞ்சுளிப்போர் உண்டு. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்திலே, செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் 1972இல் 16 பள்ளிகளிலே தொடங்கி, 30 ஆண்டு நடந்தது. 2002இல் அரசே அதை மூடியது. கேள்வி கேட்கும் பிள்ளைகளைக் கண்டால் சில நாற்காலிகளுக்கு எப்போதுமே கூச்சம்!

தண்ணீர் வெறும் சுகாதாரப் பாடமல்ல என்பதை நம் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மகாத் குளத்திலே ஒரு கை நீர் அள்ள 1927இல் அம்பேத்கர் படை திரட்ட வேண்டியிருந்தது. பழங்கதையா? 2022 டிசம்பரிலே, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலிலே, ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியிலே மலம் கிடந்தது. குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் தொட்டியிலே ஏறிப் பார்த்தார்கள். பிள்ளையின் உடம்புதானா சோதனைப் புட்டி என்று கேட்கிறோம்.

சேர்வராயன் மலையிலே பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் நுழைந்ததும் என்ன ஆகிறது? பெயரிலே மணியும் முத்தும், நீரிலே சாக்கடையும் சாயமும். மலைப் பிள்ளைகளை ஒரு நாள் கீழே அழைத்து வாருங்கள். சேலத்துப் பிள்ளைகளை ஒரு நாள் மேலே அழைத்துப் போங்கள். இருவரும் ஒரே ஆற்றிலே இரண்டு புட்டி நிரப்பட்டும்.

நிரப்பிய பிறகு? இங்கேதான் நம் வேலை. ஜல் ஜீவன் திட்டத்திலே தண்ணீர் சோதிக்கும் பெட்டிகள் ஊராட்சிகளுக்கு என்றே வகுக்கப்பட்டன. ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி என்றும் வகுக்கப்பட்டது. நம் ஊர்ப் பெட்டி எங்கே, அலமாரியிலே உறங்குகிறதா என்று கேளுங்கள். பயிற்சி பெற்ற அந்தப் பெண்களைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22இலும் கிராமசபை கூட வேண்டும் என்று தமிழ்நாட்டிலே 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்தச் சபையிலே முதல் பேச்சு பிள்ளைகளுடையதாகட்டும். எந்த ஊற்று, எந்தக் கிணறு, எந்தக் குழாய், எது கறுத்தது என்று அவர்கள் படிக்கட்டும். தொட்டி கழுவுவது எந்த நாளிலே, குளோரின் போடுவது யார், உடைந்த குழாய் மாற்றுவது எப்போது என்று தீர்மானப் பதிவேட்டிலே எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கழகத் தோழர்கள் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும்.