தமிழ் நூலுக்கு எதற்கு இரவல் எழுத்து?



ஜொகூரில் நான் பார்த்த தமிழ்ப்பள்ளி நூல்நிலையங்கள் சிலவற்றில், கணினிப் பட்டியலில் தமிழ் நூலைத் தேடும் மாணவன் அதன் பெயரை உரோமன் எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டியுள்ளது. தமிழ்ப்பள்ளிக்கு இதைவிட வெட்கக்கேடு வேறுண்டோ?

'திருக்குறள்' என்பதைத் தமிழில் எழுத ஒரே வழிதான் உண்டு. உரோமன் எழுத்திலோ, ஒருவர் முதலில் 'டி' மட்டும் போடுவார். இன்னொருவர் 'எச்' சேர்ப்பார். ஒருவர் இரண்டு 'கே' இடுவார்; மற்றவர் ஒன்றோடு நிறுத்துவார். ஆக, குறைந்தது நான்கு எழுத்துக்கூட்டல்கள்! பதிந்தவர் ஒன்றை எழுதி, பிள்ளை வேறொன்றைத் தட்டினால், 'நூல் இல்லை' என்கிறது கணினி. நூலோ அலமாரியில் தூசு படிந்து கிடக்கிறது.

கேட்டால், "அனைத்துலகத் தரம் தமிழுக்கு இடம் தராது" என்கிறார்கள். ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. 1960களில் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் என்றியட் ஆவ்ரம் அம்மையார் 'மார்க்' என்னும் கணினிப் பட்டியல் வடிவத்தை உருவாக்கினார். அதன் பழைய எழுத்துத் தொகுப்பில் தமிழ் இல்லை. ஆகவே, தமிழ் நூற்பெயர்களை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதினர். அவர்களுக்காவது ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நிலையான குறியீடுகள் இருந்தன. நாமோ வாய்க்கு வந்தபடி எழுதுகிறோம்!

இன்று அந்தச் சாக்கு செல்லாது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. மார்க் 21 வடிவத்தில் மூல எழுத்தைப் பதிய 880 என்னும் புலம் உண்டு. 2010இல் வந்த ஆர்.டி.ஏ. விதிகளோ, நூலின் தலைப்பை நூலிலுள்ள எழுத்திலேயே பதியச் சொல்கின்றன. தடை தரத்தில் இல்லை. நம் அசட்டையில்தான் இருக்கிறது.

அலுவலகப் பயன்பாட்டுக்கு உரோமன் வடிவமும் இருக்கட்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், தமிழ் வடிவம் இல்லாமல் அது மட்டும் இருப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

தமிழில் பதிந்தால் மட்டும் போதாது. சீராகவும் பதிய வேண்டும். மு.வ., மு.வரதராசன், மு.வரதராசனார் என்று மூன்று விதமாகப் பதிந்தால், ஓர் எழுத்தாளர் மூவராகிவிடுவார். எனவே, ஒரு வடிவத்தை முதன்மையாகக் கொண்டு, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்ட வேண்டும். மேலைநாட்டு முறையில் குடும்பப்பெயரை முன்னே நிறுத்துவது, குடும்பப்பெயர் வழக்கமில்லாத நமக்குப் பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

சீர்காழியில் 1892இல் பிறந்த சீ.இரா.அரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகளை 1931இல் நூலாகத் தந்தார். வாசகரின் நேரத்தைக் காப்பது அவற்றுள் ஒன்று. ஈழத்து நூல்களைக் காக்கத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் நூற்பெயர்களைத் தமிழிலேயே தேடலாம். தமிழைக் கணினியில் தட்டச்சு செய்ய முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறனோ நம் மலேசியத் தமிழர். அவர் பிறந்த நாட்டின் தமிழ்ப்பள்ளிகளிலா தமிழ் நூலுக்கு இந்த நிலை?

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் சில சனிக்கிழமைகளை ஒதுக்கினால் போதும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள் ஆகிய ஐந்தையும் ஒருங்குறித் தமிழில் ஓர் அட்டவணையில் பதியுங்கள். அட்டையைப் பார்த்து எழுதாமல், உள்ளேயுள்ள தலைப்புப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பதியும்போதே பாதி நூல்கள் அவர்களுக்கு அறிமுகமாகிவிடும்.

"பிள்ளைகள் தமிழ் நூல்களைப் படிப்பதில்லை" என்று மேடைதோறும் புலம்புகிறோம். முதலில், அவர்கள் தேடினால் கிடைக்கும்படி வைத்திருக்கிறோமா?