கடல் பார்த்த மனையும் காரணம் கேட்ட காலமும்

சென்ற ஜூலை மாதம் கனடாவிலிருந்து எனது மருமகன், அதாவது என் தமக்கையின் மகன், மனைவி பிள்ளைகளுடன் விடுமுறைக்கு வந்திருந்தான். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு இருக்கிறது. அங்கே தங்குவான் என்று அறையொன்றைத் துப்புரவு செய்து வைத்திருந்தோம். அவனோ மூன்று வாரங்களுக்குக் கடற்கரைப் பக்கமாக ஒரு சொகுசுத் தொடர்மாடி மனையை இணையத்தின் ஊடாக ஏற்கெனவே வாடகைக்கு எடுத்திருந்தான்.

"மாமா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளையளுக்கு ஏசி இல்லாமல் நித்திரை வராது. எல்லாரும் வந்து இறங்கினால் உங்களுக்கும் மாமிக்கும் கரைச்சல்" என்றான்.

நான் குறை நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரேயொரு குளியலறை. தண்ணீர் தாங்கி சிறியது. வருடம் முழுவதும் குளிரிலும் பனியிலும் இரண்டு வேலை செய்து சேமித்த காசில், சொந்த ஊர்ப் பக்கமாக வந்து சில நாட்கள் வசதியாக இருக்க ஒருவன் விரும்பினால் அதில் பிழை காண நாம் யார்? வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உறவினர் வீட்டில் நெருக்கியடித்துக் கொண்டு படுத்தால்தான் பாசம் என்று எண்ணுகிறவன் அல்லன் நான். ஆயினும் அந்த மூன்று வாரங்களும் என் மனதில் சில கேள்விகளை எழுப்பிவிட்டுச் சென்றுள்ளன. அவற்றையே இங்கு எழுத விரும்புகிறேன்.

அந்த மனை ஒன்பதாம் மாடியில் இருந்தது. மூன்று படுக்கையறைகள், கண்ணாடிக் கதவு, கடலைப் பார்த்த பல்கனி, மொட்டை மாடியில் நீச்சல் தடாகம், மின்சாரம் நின்றால் உடனே இயங்கும் ஜெனரேட்டர். ஓர் இரவுக்கு 120 அமெரிக்க டொலர். இருபத்தொரு இரவுகளுக்கு எமது நாணயத்தில் ஏழரை இலட்சம் ரூபாவுக்கு மேல். உரிமையாளர் இலண்டனில் வாழும் ஒரு தமிழர். அவரை மருமகன் காணவேயில்லை. ஓர் இளைஞர் வந்து திறப்பைக் கொடுத்தார், கடவுச்சீட்டுகளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

விளம்பரப் படங்களில் நீலக் கடல் மட்டுமே தெரிந்தது. கடலுக்கும் கட்டடத்துக்கும் இடையே ஓடும் கரையோரப் புகையிரதப் பாதை படத்தில் இல்லை. அதிகாலையில் முதலாவது ரயில் கூவிக்கொண்டு போனபோது பிள்ளைகள் திடுக்கிட்டு எழுந்து விட்டார்களாம். இன்னொன்றையும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், குளிக்க உகந்ததல்ல. அதே காலத்தில் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் கடல் பொதுவாகக் குளிப்பதற்கேற்றதாக இருக்கும். மேற்கு நாடுகளின் கோடை விடுமுறையோ ஜூலையிலும் ஓகஸ்டிலும் வருகிறது. ஆகவே எம்மவரில் பலர் கடலைப் பார்ப்பதற்கு டொலரில் வாடகை கொடுத்துவிட்டு, நீச்சல் தடாகத்தில் குளித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஒரு மாலைப்பொழுதில் அந்தப் பல்கனியில் அமர்ந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தோம். மருமகனின் மூத்த மகளுக்குப் பதினான்கு வயது. தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுவாள், ஆனால் எல்லாவற்றையும் கேட்பாள். கீழே ஒழுங்கையில் நிறம் மங்கி நின்ற நான்கு மாடிக் கட்டடம் ஒன்றைக் காட்டி, "தாத்தா, அது என்ன கட்டடம்?" என்று கேட்டாள்.

"அது முந்தி லொட்ஜ் பிள்ளை. உங்கட அப்பா அங்கைதான் நாலு மாதம் இருந்தவர்" என்றேன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவன் கடலைப் பார்த்துக் கொண்டிருந்தான். அவன் அதை அவளுக்கு ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

1998ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்பு வந்து சேர்ந்தவன் அவன். அந்நாட்களில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்காரர் புதிதாக எவரையும் பொலிஸில் பதியச் சம்மதிக்கவில்லை. அதனால் அந்த லொட்ஜில் மூன்று பேருடன் ஓர் அறையைப் பகிர்ந்து கொண்டான். அடையாள அட்டை மட்டும் போதாது. பொலிஸ் பதிவு வேண்டும். எங்கிருந்து வந்தாய், எதற்காக வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்ற கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இரவில் கதவு தட்டப்படும் போதெல்லாம் அந்தப் பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். விசா வந்த அன்று அவன் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

லொட்ஜ்களின் கதை அத்துடன் முடியவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின்னர் வடக்கிலிருந்து வந்தவர்கள் மேலும் அந்தரப்பட்டார்கள். மருத்துவத்துக்காக வந்தவர்கள், வெளிநாடு செல்லக் காத்திருந்தவர்கள், ஊரில் உயிருக்கு அஞ்சி வந்தவர்கள் எனப் பலதரப்பட்டோர் அங்கே தங்கியிருந்தனர். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை உள்ளிட்ட கொழும்பின் பல பகுதிகளில் லொட்ஜ்கள் சுற்றிவளைக்கப்பட்டன. தகுந்த காரணம் இன்றித் தலைநகரில் தங்கியிருக்கிறார்கள் என்று கூறி 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் இருந்தனர். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பஸ்ஸுக்குள்ளிருந்து சிலர் பத்திரிகை அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். எங்களைக் எங்கே கொண்டு போகிறார்கள் என்று எங்களிடமே கேட்டார்கள். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில், அவ்வாறான வெளியேற்றத்தைத் தடுத்து உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அன்றைய பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க சில நாட்களுக்குள் அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். இவை பதிவில் உள்ளவை. ஆனால் அன்று மக்களிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை, "நீ இங்கே தங்கியிருப்பதற்குக் காரணம் என்ன?" என்ற கேள்வியை, எம்மில் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது.

இன்று அதே ஒழுங்கையில், அதே மனிதனிடம், அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. கனேடியக் கடவுச்சீட்டும் கடனட்டையும் போதுமாக இருந்தன. கேட்காதது நல்லதே. எவரிடமும் எப்போதும் கேட்கப்படக் கூடாத கேள்வி அது. எனது கவலை வேறு. அன்று காரணத்துடன் வந்தவர்களுக்கு அறை கொடுத்த அந்தப் பகுதியில், இன்று காரணத்துடன் வருகிறவர்களுக்கு அறை கிடைப்பது அரிதாகி வருகிறது.

இந்த மாடிமனைகள் எப்படி வந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் எரிக்கப்பட்ட வீடுகளின் நிலங்கள் பலவற்றிலும், விற்றுவிட்டுப் போனவர்களின் வளவுகளிலும் பின்னாளில் தொடர்மாடிகள் எழுந்தன. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பெற்றோரைப் பாதுகாப்பாக இருத்துவதற்காகப் புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்ட மனைகள் அநேகம். பெற்றோர் காலமானார்கள், அல்லது பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தார்கள். மனைகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிக் கிடந்தவற்றுக்கு நாள் வாடகை என்னும் வழி பிறந்தது.

இதற்குள் சட்டமும் ஒரு பங்கு வகிக்கிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசைகள் இந்நாட்டில் காணி வாங்க முடியாது. ஆனால் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி மனைகளை, முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால், வாங்கலாம் என்று அச்சட்டம் இயற்றப்பட்டபோது இடமளித்தது. இரட்டைப் பிரசாவுரிமை பெறாத எம்மவர்களுக்கும் இதுவே விதியாயிற்று. பிறந்த மண்ணில் ஒரு பரப்புக் காணி வாங்க முடியாத ஒருவர் கொழும்பில் வானத்தில் ஒரு மனை வாங்கலாம். நான்காம் மாடி என்றதும் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணை அறைகளை நினைத்து நடுங்கிய தலைமுறைக்கு அந்தச் சொல் அச்சட்டத்தில் முதலீட்டின் எல்லைக்கோடாக வந்து நின்றது.

நாணயத்தின் வீழ்ச்சி மிகுதியைச் செய்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அவ்வருடம் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. பின்னர் சற்று இறங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. டொலரில் உழைப்பவருக்குக் கடல் பார்த்த மனை மலிவாகிவிட்டது. ரூபாவில் சம்பளம் எடுப்பவருக்கு அதே கட்டடத்தின் பின்பக்க மனைகூட எட்டாமற் போய்விட்டது. மாத வாடகைக்கு விட்டால் ஒன்றரை இலட்சம் ரூபா கிடைப்பதே பெரிது என்றார் எனக்குத் தெரிந்த உரிமையாளர் ஒருவர். நாள் வாடகையில் இரண்டு வாரத்துக்குள் அதைப்போல் மூன்று மடங்கு எடுத்துவிடலாம் என்று கணக்கும் சொன்னார். குடியிருப்பவர் பின்னர் எழும்ப மறுப்பாரோ என்ற அச்சம் வேறு. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வீட்டுக்காரர்களிடையே ஏற்படுத்திய பயம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. அவருடைய கணக்கை நான் பிழையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே கட்டடத்தில் ஆறு வருடங்கள் குடியிருந்த ஆசிரியர் ஒருவரையும் எனக்குத் தெரியும். கிளிநொச்சியிலிருந்து வந்தவர். அவருடைய மனைவி மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் தொடர் சிகிச்சை பெறுகிறார். ஒப்பந்தம் முடிந்ததும் உரிமையாளர் புதுப்பிக்கவில்லை. மனைக்கு வெள்ளை வர்ணம் பூசி, புதிய தளபாடங்கள் போட்டு, இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆசிரியர் குடும்பம் நகருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில், இரண்டு அறைகளில் இருக்கிறது. அவரை எவரும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பவில்லை. சட்டப்படி ஒரு மாத அறிவித்தல் கொடுத்து மரியாதையாகவே அனுப்பினார்கள். எனினும் போனவர் போனவர்தான்.

இது வெள்ளவத்தைக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. உல்லாசப் பயணிகளுக்கான மனைகளால் உள்ளூர்வாசிகளின் வாடகை ஏறுகிறது என்று கூறி, பார்சிலோனா நகரம் அவ்வாறான 10,101 மனைகளின் உரிமங்களை 2028 நவம்பரின் பின்னர் புதுப்பிப்பதில்லை என 2024இல் அறிவித்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அந்நியச் செலாவணிக்கு ஏங்கும் நாடு இது. ஆனால் இருக்கும் விதிகளையாவது கைக்கொள்ளலாம். 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் வாடகை மாடிமனைகளைப் பதிவு செய்ய ஒரு தனிப் பிரிவே உண்டு. தொடர்மாடிகளுக்கு முகாமைத்துவக் கூட்டுத்தாபனங்கள் உண்டு. ஒரு கட்டடத்தில் எத்தனை மனைகளை நாள் வாடகைக்கு விடலாம் என்பதை அங்கு வாழ்பவர்கள் கூடிப் பேசி ஓர் அளவு வைத்துக்கொள்ள முயலலாம். லிப்டிலும் படிக்கட்டிலும் தினமும் புதிய முகங்களைச் சந்திக்கும் வயோதிபர்களுக்கு அது பெரும் ஆறுதலாக இருக்கும்.

விடுமுறைக்கு வரும் எமது உறவுகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. மனை எடுங்கள். ஆனால் பதிவு செய்யப்பட்ட மனையா என்று கேட்டு எடுங்கள். முற்பணம் அனுப்புமுன் நிபந்தனைகளை எழுத்தில் பெறுங்கள். கடலில் குளிக்கத்தான் வருகிறீர்கள் என்றால் ஆடி ஆவணியில் கிழக்கே போங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகள் அங்கே உண்டு, உங்கள் டொலர் அவர்களுக்கு அதிகம் பயன்படும்.

இங்கு மனை வைத்திருப்போரிடம் கேட்பது சற்று அதிகம். இரண்டு மனை உள்ளவர் ஒன்றையாவது மாத வாடகைக்கு விடுங்கள். வருமானம் குறையும், உண்மைதான். ஒரு காலத்தில் உங்கள் தாய் தந்தையரும் இந்நகரில் வீடு கேட்டு, மறுக்கப்பட்டு அலைந்தவர்களே.

மருமகன் திரும்புவதற்கு முதல் நாள் மாலை மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய லொட்ஜ் கட்டடத்துக்குப் போனான். நானும் சென்றேன். கீழே இப்போது கைத்தொலைபேசி திருத்தும் கடை. மேலே எவரும் இல்லை. வீதியில் நின்றபடி மூன்றாம் மாடி ஜன்னல் ஒன்றைக் காட்டி, இரவில் கதவு தட்டிய கதையை அவன் சொல்லத் தொடங்கினான். அரைவாசி தமிழிலும் அரைவாசி ஆங்கிலத்திலும் சொன்னான். அவள் இடையிடையே கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவன் பதில் சொன்னான்.

அடுத்த முறையும் அதே மனையை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எடுக்கட்டும். அந்த ஆசிரியரின் பழைய வீடு அதற்கு நேர் கீழே எட்டாம் மாடியில் இருந்தது என்பதையும் அவனுக்கு எழுதியிருக்கிறேன்.