தேனிலவும் பவளப் பூச்சியும்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கு (2018 முதல் அதன் பெயர் சுவராஜ் தீவு) மணமான புதிதில் மூன்று நாள் போய் வருவது நம்மவரிடையேயும் பரவிவிட்டது. போகட்டும், மகிழட்டும். மணமான மறுவாரமே களையெடுக்கப் போன பெற்றோரின் பிள்ளை நான். எனக்குப் பொறாமை இல்லை என்றால் யார் நம்புவார்?

என் வாதம் வேறு. ராதாநகர் கடற்கரையின் வெண்மணலில் எத்தனை பேர் நடந்தாலும் அடுத்த அலை தடத்தை அழித்துவிடும். எலிஃபண்ட் கடற்கரை அப்படியன்று. காட்டுப் பாதையில் நடந்தோ படகிலோ அங்கே சேரும் தம்பதியர், கழுத்தளவு நீரில் கால் ஊன்ற இடம் தேடி, பாறையென்று எண்ணி ஏறி நிற்பது பவளத்தின் மீது! அது கல்லன்று நண்பர்களே, உயிர். பூச்சி என்கிறோம், உண்மையில் சொறிமீனுக்கு உறவு. சிற்றுயிர்கள் கூடிக் கட்டும் அவ்வீட்டில் பல இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை.

2010இல் கடல்நீர் சூடேறி அந்தமானில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. வெளுத்தது, சூடு தணிந்தால் மீளக்கூடும். மிதித்து நொறுக்கியது பிழைப்பது அரிது. கடலின் சூட்டைத் தணிக்க அத்தம்பதியரால் ஆகாது. காலைத் தூக்கிக்கொள்ள ஆகுமன்றோ? உங்கள் அண்ணனும் அண்ணியும் அங்கே புறப்பட்டால், மணல் தெரியும் இடத்தில் மட்டும் கால் வைக்கச் சொல்லி அனுப்புங்கள்.